குழந்தையின் கட்டைவிரல்: காலத்தில் காண்பதே பாதிச் சிகிச்சை

தொழிற்சாலை விபத்தில் உடற்குறை எய்தும் தொழிலாளர்களுக்கு நஷ்டஈடு வழங்குவதற்காக 1923-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஒரு சட்டம் இயற்றப்பெற்றது. பிற்காலத்தில் திருத்தியமைக்கப்பெற்ற அதன் அட்டவணை, ஒரு கட்டைவிரலை இழந்தவருடைய சம்பாதிக்கும் திறன் நூற்றுக்கு 30 பங்கு குறைந்துவிட்டதாக மதிப்பிட்டது. ஒரு கையில் மூன்று விரல்களை இழந்தவருக்கும் அதே 30 பங்குதான். கட்டைவிரல் ஒன்று மற்ற விரல்கள் மூன்றுக்கு நிகர் என்று சட்டம் கண்ட இக்கணக்கை உடற்கூற்று விஞ்ஞானமும் மறுப்பதில்லை. ஏனைய நான்கு விரல்களும் உள்ளங்கையை நோக்கி ஒரே திசையில் மடங்குகின்றன. கட்டைவிரல் ஒன்றே அவற்றை எதிர்த்து நின்று, அவை ஒவ்வொன்றின் நுனியையும் தொட வல்லது. ஊசியில் நூல் கோப்பதும், எழுதுகோல் பிடிப்பதும், நாற்றைப் பிரித்து நடுவதும், சட்டைக்குப் பொத்தான் இடுவதும் அந்த எதிர்ப்பினாலேயே கைகூடுகின்றன.

உழைத்துப் பழகிய கை ஒரு விரலை இழந்தால் அதற்கு மதிப்புக் கூறச் சட்டம் இருந்தது. தாயின் வயிற்றிலேயே கட்டைவிரல் சரிவர அமையாமற் பிறக்கும் குழந்தைக்கு அத்தகைய அட்டவணை ஏதும் இல்லை. ஆனால் அக்குழந்தைக்கு நஷ்டஈட்டினும் மேலானதொன்று கிடைக்கக்கூடும். தக்க பருவத்தில் தேர்ந்த அறுவைச் சிகிச்சை வாய்க்குமாயின், அக்கை பெரும்பாலும் பயனுள்ள கையாகிவிடும். சிகிச்சை முறை இந்நாட்டிற்குப் புதிதன்று. அதனைக் கற்ற வைத்தியர்களும் இல்லாமல் இல்லை. குழந்தைக்கும் வைத்தியருக்கும் இடையே உள்ள வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது. அவ்வழியைத் திறக்க வல்லவர்கள் கிராமங்களில் பணிபுரியும் சுகாதார ஊழியர்களும், அங்கன்வாடிப் பணியாளர்களும், ஆசிரியர்களுமே ஆவர்.

தாயின் குற்றமன்று

கருவில் கை அரும்புவது ஏறக்குறைய 4-ஆவது வாரத்தின் இறுதியில் ஆகும். 8-ஆவது வாரம் முடிவதற்குள் விரல்கள் தனித்தனியே பிரிந்துவிடுகின்றன. தான் கருவுற்றிருப்பதைத் தாய் உறுதியாக அறியும் முன்னரே கட்டைவிரலின் அமைப்புப் பல சமயங்களில் முடிவாகிவிடுகிறது. கிரகண நேரத்தில் வெளியே வந்ததனாலோ, அப்பொழுது கத்தியெடுத்துக் காய் நறுக்கியதனாலோ குழந்தையின் விரல் குறைபட்டது என்று தாயைப் பழிப்பதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. இப்பழி வீண் பேச்சோடு நின்றுவிடுவதில்லை. பழிக்கு அஞ்சும் தாய் குழந்தையின் கையைத் துணியால் மூடி மறைக்கிறாள். மறைக்கப்பட்ட கை வைத்தியரின் பார்வைக்கு வருவதில்லை. ஆகவே, குற்றம் யாருடையதும் அன்று என்று வீட்டாருக்கு எடுத்துரைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியேயாகும்.

நால்வகைக் குறைகள்

களத்தில் பணிபுரிவோர் அறிய வேண்டிய குறைகள் முக்கியமாக நான்கு.

முதலாவது, இரட்டைக் கட்டைவிரல். இதனை ஆறாம் விரல் என்று உலகோர் வழங்குவர். சிலர் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் நூலாலோ தலைமயிராலோ இறுகக் கட்டி, அது தானே உதிரும் என்று காத்திருக்கின்றனர். இரண்டும் தவறு. பார்வைக்கு மிகையாகத் தோன்றும் விரலுக்குள் எலும்பும், நரம்பும், இரத்தக் குழாயும், பல சமயங்களில் தசைநாணும் உள்ளன. உண்மையில் அங்கே இருப்பது ஒரு முழு விரலும் ஓர் உபரி விரலும் அன்று. ஒரு விரலுக்குரிய பொருள் இரண்டாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. ஆகவே சிறியதை வெட்டி எறிந்தால் மட்டும் போதாது. அதனைப் பற்றியிருந்த தசையையும், மூட்டின் பக்கத்துப் பிணைப்பு நாரையும் எஞ்சும் விரலுக்கு மாற்றித் தைக்க வேண்டும். எலும்பு கோணலாயின் அதனை நேராக்கவும் வேண்டும். இவ்வாறு செய்யாமல் நறுக்கிவிட்ட கைகளில், எஞ்சிய விரல் வளர வளரக் கோணி, மூட்டுத் தளர்ந்து, பிற்காலத்தில் மீண்டும் அறுவை வேண்டியதாகிறது. நூல் கட்டுவதோ புண்ணையும், சீழையும், தொட்டால் வலிக்கும் நரம்பு முடிச்சையும் விட்டுச் செல்லக்கூடும்.

இரண்டாவது, வளர்ச்சி குன்றிய அல்லது முற்றிலும் இல்லாத கட்டைவிரல். ஜெர்மானிய வைத்தியர் பிளாவுத் 1967-இல் இதனை ஐந்து படிகளாக வகுத்தார். சற்றே சிறுத்த விரல் முதற்படி. விரலே இல்லாமை ஐந்தாம் படி. இடையில் உள்ள நிலைகளில், அடிமூட்டு உறுதியாக இருக்கிறதா என்னும் கேள்வியே சிகிச்சையை நிர்ணயிக்கிறது. மூட்டு உறுதியாக இருந்தால், விரலிடைத் தோலை அகலப்படுத்தி, பிணைப்பு நாரைச் சீராக்கி, வேறிடத்துத் தசையையோ தசைநாணையோ கொணர்ந்து அவ்விரலுக்கு வலிமை தரலாம். மூட்டே இல்லையெனின் சுட்டுவிரலைக் கட்டைவிரலாக மாற்றியமைப்பதே பொதுவாக வைத்தியர் கூறும் வழி.

மூன்றாவது, உள்ளங்கைக்குள் மடங்கியே கிடக்கும் கட்டைவிரல். பிறந்த சிசு கட்டைவிரலை உள்ளே வைத்துக் கைமுஷ்டி பிடிப்பது இயல்பு. 3, 4 மாதங்கள் கடந்தும் விரல் வெளியே நீளவில்லையெனின் அது இயல்பன்று. விரலை நீட்டும் தசைநாண் நலிந்திருக்கலாம். சில குழந்தைகளிடம் அது மூளைவாத நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம். தொடக்கத்திலேயே கண்டால், சில மாதங்கள் தாங்குபட்டை வைத்து விரலை நீட்டிக் கட்டுவதாலேயே பல குழந்தைகள் நலம் பெறுகின்றனர். தாமதித்தால் தோலும் மூட்டும் இறுகி, அறுவை தவிர்க்க முடியாததாகிறது.

நான்காவது, நுனி மூட்டு மடங்கிச் சிக்கிக்கொள்ளும் கட்டைவிரல். இதனைப் பிறவிக் குறை என்று முற்காலத்தார் கருதினர். எனினும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைச் சோதித்த ஆய்வில் ஒன்றினிடமும் இது காணப்படவில்லை. பிறந்த பின்னரே தோன்றுகிறது. பெற்றோர் திடீரெனக் காண்பதால் கீழே விழுந்ததில் எலும்பு பிசகிற்று என்று எண்ணி, எலும்பு கட்டுபவரிடம் எடுத்துச் செல்வதுண்டு. எலும்பு பிசகவில்லை. தசைநாண் தடித்து, அது நுழைந்து செல்லும் உறையின் வாயிலில் சிக்கியிருக்கிறது. பல குழந்தைகளுக்கு இது சில ஆண்டுகளில் தானே நேராவதும் உண்டு. நேராகாவிடில் சிறியதோர் அறுவையால் உறையின் வாயிலைத் திறந்துவிடலாம். இங்கே அவசரம் வேண்டியதில்லை. இழுத்து முறுக்கும் கைவைத்தியம் அறவே கூடாது.

விரலை விரலாக்கும் வித்தை

சுட்டுவிரலைக் கட்டைவிரலாக்கும் அறுவை கேட்போருக்கு வியப்பளிப்பது. இதன் முன்னேற்றத்தின் பின்னே ஒரு துயர வரலாறும் உண்டு. 1957-ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கர்ப்பத்தின் முதல் வாரங்களில் அதனை உட்கொண்ட தாய்மாருக்குக் கைகால் குறைபட்ட குழந்தைகள் பிறந்தன. 1961 நவம்பரில் அந்நாட்டில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதனால் பாதிக்கப்பெற்றனர் என்பது கணக்கு. கட்டைவிரல் இன்மையும் அக்குறைகளுள் ஒன்று. அத்தகைய குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்த ஹாம்பர்க் நகர வைத்தியர் டீட்டர் பக்-கிராம்கோ 1971-இல் வெளியிட்ட முறை இன்றளவும் இவ்வறுவைக்கு அடிப்படையாக விளங்குகிறது.

இம்முறையில் சுட்டுவிரலின் உள்ளங்கை எலும்பில் பெரும்பகுதி நீக்கப்படுகிறது. விரல், தன் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அறுபடாமல், கீழிறக்கப்பட்டு, மற்ற விரல்களை எதிர்நோக்குமாறு திருப்பி வைக்கப்படுகிறது. சுட்டுவிரலுக்குரிய தசைகள் கட்டைவிரலின் தொழிலுக்கு மாற்றித் தைக்கப்படுகின்றன. புதிய விரல் இயற்கைக் கட்டைவிரலின் முழு வலிமையைப் பெறுவதில்லை. எனினும் உணர்ச்சியுடன் அசையும், கிள்ளும், பற்றும். மாற்றப்படும் விரல் நன்கு மடங்கி நீளுவதாக இருந்தால் பலனும் நன்றாக இருக்கும். முன்கை எலும்பும் குறைபட்டு, மூட்டுகள் விறைத்திருக்கும் குழந்தைகளுக்குப் பலன் குறைவு. இதனைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

கை அறுவை இந்தியாவிற்குப் புதுமையன்று. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் இறுதி தொடங்கி டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் முடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றத்தால் இயங்கச் செய்தது உலகறிந்த செய்தி. சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைக்கெனத் தனிப் பிரிவே இயங்குகிறது. நாட்டின் பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் எலும்பு அறுவைத் துறையோ ஒட்டறுவைத் துறையோ இப்பணியைச் செய்து வருகின்றது.

ஏன் முதல் ஆண்டு?

குழந்தை 4, 5 மாதங்களில் உள்ளங்கையால் பொருளைப் பற்றுகிறது. ஏறக்குறைய 9, 10 மாதங்களில் கட்டைவிரல் நுனியாலும் சுட்டுவிரல் நுனியாலும் கீழே கிடக்கும் பொரியைப் பொறுக்கக் கற்கிறது. கட்டைவிரல் இல்லாத குழந்தை சும்மா இருப்பதில்லை. சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே கத்தரிக்கோல் போலப் பொருளை இடுக்கிப் பழகிக்கொள்கிறது. மூளை அப்பழக்கத்தை ஏற்று உறுதிப்படுத்திவிட்டால், பின்னர் அமைத்துத் தரும் புதிய விரலைக் குழந்தை எளிதில் பயன்படுத்தாது. ஆதலால், இரட்டை விரலுக்குச் சுமார் ஓராண்டு வயதிலும், சுட்டுவிரல் மாற்றத்திற்குச் சுமார் 1 முதல் 2 வயதிற்குள்ளும் அறுவை செய்வதை வைத்தியர் பலர் விரும்புகின்றனர். அதற்கு முதலாண்டிலேயே குழந்தை அவர்கள்முன் வந்தாக வேண்டும். "வளரட்டும், பிறகு பார்க்கலாம்" என்னும் பேச்சு அன்பினால் எழுவதே. ஆனால் அது குழந்தையின் கையில் உள்ள காலத்தைச் செலவழித்துவிடுகிறது.

விரைந்து காட்ட வேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது விரலைவிடப் பெரிது. கட்டைவிரல் குன்றியிருப்பது உடலின் உள்ளுறுப்புகளின் குறையைச் சுட்டும் கைகாட்டியாக இருக்கக்கூடும். 1960-இல் ஹோல்ட், ஓரம் என்னும் லண்டன் வைத்தியர் இருவர், கட்டைவிரற் குறையும் இருதயச் சுவரில் துளையும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவதை விவரித்தனர். சுவிட்சர்லாந்தின் ஃபான்கோனி 1927-இல் விவரித்த இரத்தசோகை நோயில், எலும்பு மஜ்ஜை பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே நலியத் தொடங்குகிறது. அந்நோயுள்ள குழந்தைகள் பலரிடம் கட்டைவிரற் குறை பிறவியிலேயே காணப்படும். சிறுநீரகம், முதுகெலும்பு, குதவாய் ஆகியவற்றின் குறைகளும் சேர்ந்து வரலாம். எனவே குன்றிய கட்டைவிரலுடன் பிறந்த குழந்தைக்கு இருதயச் சோதனையும், வயிற்று ஒலியலைப் படமும், இரத்த அணுக் கணக்கும் கத்தி எடுப்பதற்கு முன்னரே செய்யப்பட வேண்டும். விரலைக் கண்டவர் இருதயத்தைக் காப்பாற்றியவராகவும் ஆகலாம்.

பட்டியலில் இல்லாத விரல்

2013-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் சுகாதாரத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரை உள்ளோரைச் சோதிக்க 30 நிலைகள் கொண்ட பட்டியலை வகுத்தது. அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் நடமாடும் மருத்துவக் குழு செல்வது திட்டம். பச்சிளங்குழந்தைகளை ஆஷா ஊழியர்கள் வீட்டிற்கே சென்று காண்கின்றனர். மேற்சிகிச்சைக்கு மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. இவ்வளவு பெரிய ஏற்பாடு பாராட்டுக்குரியது. ஆனால் அப்பட்டியலில் கூறப்பெற்ற பிறவிக் குறைகள் ஒன்பதனுள், பிளவுபட்ட உதடும் உள்வளைந்த பாதமும் இடம்பெற்றிருக்க, கட்டைவிரல் தனியே குறிக்கப்படவில்லை. பாதத்தைப் பார்க்கும் கண் கையைப் பாராமல் சென்றுவிட இது இடமளிக்கிறது. இக்குறை நீக்கப்பட வேண்டும். கட்டைவிரற் குறைகளைப் பட்டியலில் தனி இனமாகச் சேர்ப்பதே முறை.

இதற்குச் சில ஆட்சேபங்கள் எழலாம். குறை அரிதானது என்பது முதல் ஆட்சேபம். சில ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்றே கொண்டாலும், ஆண்டுதோறும் 2 கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கும் நாட்டில் அது ஆயிரக்கணக்கான குழந்தைகளாகிறது. ஊழியர்களின் சுமை ஏற்கெனவே மிகுதி என்பது இரண்டாவது. இதில் உண்மை உண்டு. ஆனால் கையைப் பார்ப்பதற்குக் கருவி வேண்டியதில்லை. எடை பார்க்கும் நேரத்திலேயே அரை நிமிஷத்தில் முடியும். சிறு குழந்தைக்கு மயக்க மருந்து ஆபத்தன்றோ என்பது மூன்றாவது. அக்கவலை நியாயமானது. அதனாலேயே இது அவசர அறுவையாகக் கருதப்படுவதில்லை. குழந்தை எடை தேறி, இருதயமும் இரத்தமும் சோதிக்கப்பட்டு, குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கப் பழகியவர் உள்ள மருத்துவமனையிலேயே செய்யப்படுகிறது. விரைந்து காட்டுவது வேறு. விரைந்து அறுப்பது வேறு.

நான்காவது ஆட்சேபம் பெற்றோருடையது. அதுவே மிகக் கடினமானது. தொங்கும் சிறு விரலை நீக்கிச் சுட்டுவிரலை மாற்றினால் கையில் நான்கு விரல்களே இருக்கும். ஐந்து விரல் என்னும் எண்ணிக்கையைக் கைவிடப் பல தாய்தந்தையர் மனம் ஒப்புவதில்லை. அவர்களை அதட்டுவதால் பயன் இல்லை. பயன்படாத ஐந்தைவிடப் பயன்படும் நான்கு மேல் என்பதை, அறுவை செய்துகொண்ட குழந்தை ஒன்று பந்தைப் பிடிப்பதைக் காட்டி உணர்த்துவதே சிறந்த வழி. அதன்பின் முடிவு அவர்களுடையது.

கள ஊழியர் காண வேண்டியவை

பிறந்த குழந்தையின் இரு கைகளையும் விரித்து விரல்களை எண்ண வேண்டும். கட்டைவிரல் நுனி சுட்டுவிரலின் முதற் கணுவின் நடுப்பகுதி வரை எட்டுகிறதா, அதன் அடியில் சதைப்பற்று இருக்கிறதா, இரு கைகளும் ஒத்திருக்கின்றனவா என்று நோக்க வேண்டும். 4-ஆவது மாதத்தில் விரல் உள்ளங்கையை விட்டு வெளியே நீளுகிறதா என்று காண வேண்டும். 10-ஆவது மாதத்தில் தாயின் முன்னிலையில் ஒரு பொரியைத் தரையில் வைத்து, குழந்தை அதனை எவ்விரல்களால் எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். இவற்றுள் ஒன்றில் ஐயம் தோன்றினும் நூல் கட்டாமல், எண்ணெய் நீவாமல், மாவட்ட மையத்திற்கு அனுப்ப வேண்டும். அனுப்பியதோடு கடமை முடிந்ததாகக் கருதலாகாது. குழந்தை சென்றதா, எந்தத் தேதியில் மீண்டும் வரச் சொன்னார்கள் என்று விசாரித்துக் குறித்துக்கொள்வதே பணியின் நிறைவு.

அறுவைக்குப் பின் மாவுக்கட்டு சில வாரங்கள் இருக்கும். அதன்பின் குழந்தைக்கு விளையாட்டே பயிற்சி. சப்பாத்தி மாவை உருட்டுவதும், மணலை அள்ளுவதும், பந்தைப் பற்றுவதும் விலையில்லாச் சிகிச்சைகள். எலும்பு வளரும் காலமெல்லாம் விரல் மீண்டும் கோணலாம். ஆதலால் வளர்ச்சி முடியும் வரை இடைவிட்டுக் காட்டி வர வேண்டும்.

ஆசிரியரின் பங்கு

சிறுவயதில் தப்பிய குழந்தை பள்ளியில் ஆசிரியர் கண்ணுக்குப் புலப்படும். எழுதுகோலை இரு விரல்களுக்கிடையே இடுக்குபவனும், பொத்தான் போட இயலாமல் நிற்பவளும், கையைப் பையிலேயே வைத்திருப்பவனும் சோம்பேறிகள் அல்லர். ஐந்து வயது கடந்துவிட்டதால் வழியே இல்லை என்பதும் பொய். கத்தரி போல் இடுக்கும் பழக்கம் வேரூன்றியிருப்பதால் பயன் குறையலாம். ஆயினும் இரட்டை விரலையும் சிக்கிய விரலையும் பிற்காலத்திலும் சீராக்க முடியும். கட்டைவிரற் குறையுள்ள மாணவன் வெளிறிச் சோர்ந்தாலோ, காரணமின்றி உடலில் கன்றிய தழும்புகள் தோன்றினாலோ, ஆசிரியர் உடனே மருத்துவக் குழுவிற்குத் தெரிவிப்பது அவன் உயிரைக் காக்கும்.

அறுவை செய்துகொண்ட குழந்தை எழுதுகோலைத் தனக்கு இயன்றவாறு பிடிக்கட்டும். எழுத்து தெளிவாக இருப்பதே முக்கியம். பிடி பாடநூற் படத்தை ஒத்திருப்பது முக்கியமன்று. ஆறுவிரலான் என்னும் பட்டப்பெயர் வகுப்பறையில் ஒலிக்காதிருக்கச் செய்வதும் ஆசிரியரின் பொறுப்பேயாகும்.

சட்டம் கட்டைவிரலுக்கு 30 பங்கு மதிப்பிட்டது விரல் போன பின்பு. பிறவிக் குறையுள்ள குழந்தையின் விஷயத்திலோ, போவதற்குமுன் காப்பாற்றத்தக்கது ஒன்றுண்டு. அது முதல் ஆண்டு. பட்டியலில் ஒரு வரி சேர்ப்பது அரசின் கையில் இருக்கிறது. அவ்வரிக்காகக் காத்திராமல், அடுத்த முறை எடை பார்க்கும்போதே குழந்தையின் மூடிய கையை மெல்லப் பிரித்துப் பார்ப்பது ஊழியரின் கையில் இருக்கிறது.